தெளிந்த நீர்

நீருக்கு நிறமில்லை, தனக்கென ஒரு வடிவமும் இல்லை. நிறைந்த பாத்திரத்தின் வடிவமே அதன் வடிவம். மேலே கவிந்த வானத்தின் நிறமே அதன் நிறம். இத்தகைய ஒன்றைப் படமாக வரைவது எங்ஙனம் என்ற வினா எம்மைச் சில வாரங்கள் ஆட்கொண்டிருந்தது. முதலில் அதனை வெறும் உத்திப் பிரச்சினையாகவே கருதினோம். உத்தியோடு முடிந்துவிடும் பிரச்சினை அன்று அது என்பதைக் கைக்குழந்தையோடு நின்ற ஓர் இளந்தாய் எமக்கு உணர்த்தினார். அந்த அநுபவத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எமது கிராமம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ளது. குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவமழை சொரியும் நீர் மண்ணினூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. அவ்வாறு தங்கிய நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மிதந்து கொண்டிருக்கிறது. அந்த நன்னீரையே கிணறு வெட்டிக் குடிக்கிறோம், குளிக்கிறோம், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். ஆனால், மழைநீரை விரைவாக உள்ளே விடும் அதே நிலம், தோட்டத்திற் கொட்டும் செயற்கை உரத்தையும் மலசலகூடக் குழிகளின் கழிவையும் தடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்று என்னும் பொருளுக்கு வகுத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது இந்த எல்லையை மிஞ்சியிருப்பதை நீராய்வுகள் பன்முறை காட்டியுள்ளன.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை; மணமுமில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். புட்டிப்பால் கரைக்கும் நீரில் அது மிகுந்திருக்குமாயின், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்; குழந்தையின் உதடும் தோலும் நீலம் பாயும். இதனை எடுத்துரைத்து, கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்குமாறு தாய்மாரைத் தூண்டும் சுவரொட்டி ஒன்று வேண்டுமென எமது சனசமூக நிலையத்தினர் எம்மைக் கேட்டனர். கணினியில் ஓரளவு படம் வரையத் தெரிந்தவர் என்ற பெயர் எமக்கு ஊரில் உண்டு.

நாம் கையாள்வது இங்ஸ்கேப் என்னும் மென்பொருள். 2003ஆம் ஆண்டு தொடங்கி, பல நாடுகளின் ஆர்வலர்கள் கூடி உழைத்து வளர்த்து வருவது அது. அதற்கு விலையில்லை. விரும்பியவர் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு ஒப்பானது என்று சொல்லத் தோன்றுகிறது. எமது ஊர்ப் பொதுக்கிணறுகள் உண்மையில் எல்லோருக்கும் பொதுவாய் இருந்தனவா என்ற நினைவு குறுக்கிடுவதால், அந்த உவமையைச் சற்றுத் தயக்கத்தோடேயே சொல்கிறோம்.

இம்மென்பொருளில் வரைவன திசையன் வரைகலை என்ற வகையைச் சார்ந்தவை. ஒளிப்படம் என்பது புள்ளிகளின் கூட்டம். மிகப் பெருப்பித்தால் புள்ளிகள் தனித்தனியே துருத்தி நிற்கும். திசையன் படமோ வடிவங்களின் கணக்கு. ஒரு வட்டத்தை வரைந்தால் கணினி அதன் வடிவத்துக்காக நினைவில் வைப்பது மூன்று எண்களையே. மையம் எங்கேயுள்ளது என்பதற்கு இரண்டு. ஆரம் எவ்வளவு என்பதற்கு ஒன்று. ஆதலால், உள்ளங்கை அளவில் வரைந்ததை மதிலளவு பெருப்பித்தாலும் விளிம்பின் கூர்மை குன்றாது. சுவரொட்டிக்கு ஏற்ற முறை இது என்பதைக் கூற வேண்டியதில்லை.

வட்டம், நீள்வட்டம், செவ்வகம் போன்ற எளிய வடிவங்களைக் கொண்டே நீரின் தோற்றத்தை உண்டாக்கிவிடலாம். நாம் முதலில் வரைந்தது ஒரு துளி. ஒரு வட்டத்தை எடுத்து, அதன் உச்சியிலுள்ள கணுவை மேலே இழுத்துக் கூராக்கினால் துளியின் உருவம் பிறக்கிறது. கணுவிலிருந்து இருபுறமும் நீளும் கைபிடிகளை அசைக்க அசைக்க வளைவு நெகிழ்கிறது. இவ்வளைவுகளுக்குப் பெசியே வளைவுகள் என்று பெயர். பிரெஞ்சு மோட்டார் நிறுவனமான றெனோவில் எந்திரவியலாளராயிருந்த பியர் பெசியே 1960களில் கார்களின் உடலை வடிவமைப்பதற்காக இவற்றை வளர்த்தெடுத்து வெளியிட்டார். அவருக்கு முன்னரே, 1959இல், சித்ரோயன் நிறுவனத்தில் போல் த காஸ்தெல்ஜோ என்ற கணிதவியலாளர் இதே வளைவுகளைக் கண்டறிந்திருந்தார். அந்நிறுவனம் அதனைத் தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்ததால் பெயர் மற்றவருக்குப் போயிற்று. பூட்டப்பட்ட அறிவு இறைக்கப்படாத கிணறு. இன்று எமது ஊர்ப் பிள்ளைகளும் அவ்வளைவுகளை இழுத்து விளையாடுகிறார்கள் என்பது ஒருவகையில் மகிழ்ச்சியே.

துளியின் உருவம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நீராகத் தோன்றவில்லை. நீலத் தகட்டில் வெட்டியெடுத்த இலை போலக் கிடந்தது. அதனை நீராக்குவது ஒளி. கல்லோ பழமோ ஆயின் வெளிச்சம் படும் பக்கம் ஒளிர்ந்து, மறுபக்கம் இருளும். துளியின் கதை வேறு. அது ஒரு சிறு வில்லை. இடப்புறம் மேலிருந்து வரும் ஒளியை உள்ளே வாங்கி, வலப்புறம் கீழே குவிக்கிறது. ஆகவே வெளிச்சத்தை அடுத்துள்ள பக்கம் உள்ளே இருண்டும், எதிர்ப்பக்கம் ஒளிர்ந்தும் இருக்கும். இதனை அறியாது நிறந்தீட்டியவரின் துளி கண்ணாடிக் குண்டாகவும் ஆகாது, நீராகவும் ஆகாது. இருளிலிருந்து ஒளிக்குப் படிப்படியாக மாறும் நிறச்சாய்வு ஒன்றை இந்த முறைப்படி இட்டோம். இருண்ட பக்கத்தின் விளிம்பருகே ஒரு சிறு வெண்ணிற நீள்வட்டத்தை வைத்து, அதன் ஒருமுனை மெல்ல மறையச் செய்தோம். அது மேற்பரப்பிலே பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். ஒரு வட்டத்திலிருந்து, சற்றே விலகி நின்ற இன்னொரு வட்டத்தைக் கழித்து, எஞ்சிய பிறையை வலப்புற விளிம்பில் வைத்து மங்கலாக்கினோம். கடைசியாக, துளியின் அடியில் ஒரு நிழலிட்டு, அந்நிழலின் நடுவே ஒரு வெளிச்சப் பொட்டை வைத்தோம். ஒளி ஊடுருவும் பொருளின் நிழல் முழுதும் இருண்டிருப்பதில்லையன்றோ!

நான்கைந்து வடிவங்கள்தாம். ஆயினும், தொட்டால் விரல் நனையும் போலிருந்தது. எமது கைத்திறனில் நாமே மயங்கினோம் என்பதை ஒளிப்பானேன்? அத்துளியைச் சுவரொட்டியின் நடுவே பெரிதாக நிறுத்தி, அதன் கீழே எச்சரிக்கை வாசகங்களைப் பொறித்து, மாதிரிப்பிரதி ஒன்றைச் சனசமூக நிலையத்தின் வாசற் சுவரிலே தொங்கவிட்டோம்.

பலர் பாராட்டினர். கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில், கைக்குழந்தையைத் தோளிற் சாய்த்தபடி நின்று பார்த்த ஓர் இளந்தாய் மட்டும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் எம்மிடம் திரும்பி, “அண்ணை, இந்தப் படத்தைப் பாத்தால் குடிக்க வேணும் போல கிடக்கு. குழந்தைக்குக் குடுக்க வேண்டாமெண்டெல்லோ கீழை எழுதிக் கிடக்கு?” என்றார்.

அவர் குறை கூறும் நோக்கோடு பேசவில்லை, விளங்காமற் கேட்டார். எமக்குத்தான் விளங்கவில்லை. எமது துளி போத்தல்களில் அடைத்து விற்கும் தண்ணீரின் விளம்பரத் துளியைப் போல இருப்பதால்தான் இந்தக் குழப்பம் என்று முடிவு செய்தோம். எங்கள் கிணற்று நீரை உள்ளவாறே வரைந்தால் குறை தீர்ந்துவிடும் என எண்ணி, மறுநாட் காலை வீட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கட்டிலே கைகளை ஊன்றி உள்ளே நோக்கினோம். பிறந்த நாள் முதலாய் அந்தக் கிணற்று நீரைக் குடித்து வந்தும், அதனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும்.

நீர்ப்பரப்பு, செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கையே திருப்பி அனுப்புகிறது. பார்வை சாயச் சாயத் தெறிப்பும் கூடுகிறது. தூரத்துக் குளம் வானமாகத் தெரிவதும், காலடிக் குட்டை அடிமண்ணைக் காட்டுவதும் இதனாலேயே. கிணற்றினுள் இருள் மிகுதியாதலால் அந்தச் சிறு பங்கே போதும். வெண்ணிற வட்டமொன்றாய் வானம் அங்கே கிடந்தது. வட்டத்தின் ஓரத்தில் கறுத்துத் தெரிந்தது எமது தலை. வியப்பு என்னவெனில், வானத்தை எமது தலை மறைத்த அந்தக் கறுப்புக்குள்ளேதான் கிணற்றின் அடி தெரிந்தது: சுண்ணாம்புக்கற் படிகள், ஒரு வெடிப்பு, எப்போதோ விழுந்த ஒரு வாளியின் வளையம்.

வாளியை இறக்கினோம். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வட்டமிட்டு விரிந்து, சுவரில் முட்டித் திரும்பின. சரிவாக நோக்குகையில் அவ்வட்டங்கள் நீள்வட்டங்களாய்த் தட்டையாயின. ஒவ்வோர் அலைக்கும் ஒளி வாங்கும் ஒரு சரிவும் இருண்ட ஒரு சரிவும் உண்டு. ஆகவே அலை ஒன்றுக்கு ஒரே கோட்டை இடுவது போதாது. ஒரு வெண்கோடும், அதனைவிட்டு மயிரிழை விலகிய ஒரு கருங்கோடும் வேண்டும். வெளியே செல்லச் செல்லக் கோடு மெலிந்து மங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடிப்பில் வரைந்தால் அது நீரலையாகாது, இலக்குப் பலகையாகும்.

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு மூன்று இரவுகள் வரைந்தோம். மையத்தில் வெளுத்து விளிம்பில் இருளும் ஒரு பெரிய வட்டம், அதன்மேல் வானத்துக்கு ஒரு வட்டம், தலைக்கு ஒன்று, அதனுள்ளே, ஒளிபுகும் தன்மை கூட்டிய கற்படிகள், எல்லாவற்றுக்கும் மேலே நீள்வட்ட அலைகள். வாளியின் உருவத்தைப் பிரதி செய்து, தலைகீழாகப் புரட்டி, அலை போன்ற பட்டிகளால் அதனைத் துண்டுபடுத்தி நிழலுருவாக்கினோம். முன்னைய துளியைவிட இது நூறு மடங்கு மெய்யாயிருந்தது. எங்கள் கிணறே திரையில் வந்து நின்றது.

நின்றதன் பின்னரே அந்தத் தாயின் கேள்வி எமக்கு விளங்கியது. படம் இன்னமும் அதனையேதான் சொல்லிக் கொண்டிருந்தது: ‘குடி’. துளியிலிருந்து கிணற்றுக்குப் போனதால் ஒன்றும் மாறவில்லை. அடி தெரியும் நீர் நல்ல நீர் என்று தலைமுறை தலைமுறையாய் நம்பி வந்தவர்கள் நாங்கள். தெளிவைத் திறமையாக வரைய வரைய, அந்த நம்பிக்கையையே உறுதி செய்தோம். எழுத்து ‘கொடாதே’ என்றது. படம் ‘கொடு’ என்றது. இரண்டிலே எது வெல்லும் என்பது, எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமில்லாது குழந்தையோடு வழிநடக்கும் பெண்ணுக்குத் தெரியும். குழந்தையின் உதட்டில் பாயக்கூடிய நீலத்தை, நாம் துளியின் அழகுக்காகப் பூசியிருந்தோம்.

இயற்பண்புவாதம் வேறு, யதார்த்தவாதம் வேறு என்று இலக்கியக் கூட்டங்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்; நாமே பேசியும் இருக்கிறோம். கண்ணுக்குப் புலப்படும் மேற்பரப்பை ஒரு மயிரும் பிசகாது பதிவு செய்வது முன்னது. அந்த மேற்பரப்புக்கு அடியில் பொருள்கள் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவை வெளிக்கொணர்வது பின்னது. கதைகளைப் பற்றி இதனைச் சொல்லத் தெரிந்த நாம், ஒரு கிணற்றை வரைய நேர்ந்தபோது மறந்துவிட்டோம். எங்கள் படத்திலே ஒளியின் விதிகள் யாவும் சரியாயிருந்தன. கிணற்றைச் சூழ்ந்த வாழ்வு அதில் இல்லை.

ஆகவே மேலிருந்து பார்ப்பதைக் கைவிட்டு, நிலத்தை வாளால் அரிந்தாற்போல் பக்கவாட்டில் வரைந்தோம். செம்மண்ணுக்கு ஒரு செவ்வகம். அதன் கீழே சுண்ணாம்புக்கல்லுக்கு வெளிறிய இன்னொரு செவ்வகம், அதிலே கோணல்மாணலான வெடிப்புகள். அடியிலே கடல்நீருக்குக் கருநீலப் பட்டை ஒன்று. நடுவே கிணறு. இடப்புறம் வெங்காயப் பாத்திகள், வலப்புறம் வீடும் அதன் மலசலகூடக் குழியும். பாத்தியிலிருந்தும் குழியிலிருந்தும் புறப்பட்டு, மழைக்கோடுகளோடு இறங்கி, வெடிப்பு வழியே கிணற்றுக்குள் சேரும் சின்னஞ்சிறு செம்மஞ்சள் வட்டங்கள். அவ்வளவும் ஒரே வட்டத்தின் பிரதிகள். கிணற்று நீரைக் கலங்கலாக்க எமக்கு மனம் வரவில்லை, அது பொய்யாகும். தெளிவாகவே விட்டோம். ஆனால் அத்தெளிந்த நீருக்குள் அவ்வட்டங்கள் தொடர்ந்தன. வாளியில் நிறம் வெளிறின. குவளையில் வெறும் புள்ளிக்கோட்டு வளையங்களாயின. புட்டியிலே அந்த வளையங்களும் பாதி மறைந்தன. கண்ணுக்குத் தெரியாமற் போவது இல்லாமற் போவதன்று என்பதை, ஒளிபுகும் அளவைப் படிப்படியாக மாற்றும் ஒரு சிறு உத்தி சொல்லிற்று.

முதற் படங்களில் நாம் கற்ற வித்தை வீண்போகவில்லை. நீரை நீராக நம்பவைக்கத் தெரியாதிருந்தால், ‘இவ்வளவு தெளிந்த நீரிலா?’ என்ற திகைப்பை இந்தப் படம் எழுப்பியிராது. உள்ளடக்கம் உயர்ந்ததாயின் உருவம் எப்படியும் இருக்கலாம் என்போர் தம் வாசகனை மதிப்பதில்லை. உருவம் ஒன்றே போதும் என்போரும் அவனை மதிப்பதில்லை.

புதிய படத்தைத் தொங்கவிட்ட அன்று, தோட்டக்காரர் ஒருவர் மனம் நொந்து பேசினார். “பழியெல்லாம் எங்கட பாத்தியிலையோ, தம்பி? பசளை போடாட்டி விளையுமோ? விளையாட்டிக் கடன்காரன் விடுவானோ?” அவருடைய கேள்வி நேர்மையானது. உரமூட்டையின் எண்ணிக்கையை அவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. சந்தை விலையும் அடைவிலிருக்கும் நகையும் கூட இருந்து தீர்மானிக்கின்றன. அவற்றை எந்த வட்டத்தால் வரைவது? ஒரு சுவரொட்டியில் எல்லா உறவுகளையும் காட்டிவிட முடியாது என்பதை ஒப்புக்கொண்டோம். எனினும் அவருடைய சொல்லை மதித்து, குழியிலிருந்து வரும் வட்டங்களை இன்னும் தெளிவாக்கினோம். அந்தக் குழி எமது வீட்டைப் பார்த்து வரையப்பட்டது. கிணற்றுக்கும் அதற்குமுள்ள தூரத்தை அளவுநாடா பிடித்து அளந்தபோது, எமது தந்தையார் காலத்திலிருந்தே அது மிகக் கிட்ட இருந்து வந்திருப்பதைக் கண்டு வெட்கினோம்.

இளந்தாய் மீண்டும் வந்தார். இம்முறை நெடுநேரம் நிற்கவில்லை. வட்டங்களின் வழியே விரலை ஓடவிட்டுப் புட்டி வரைக்கும் வந்தவர், “அப்ப எங்கட கிணத்தில எவ்வளவு கிடக்கும்?” என்று கேட்டார். எந்தப் படமும் அதற்கு விடை சொல்லாது. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே அப்படம் வரையப்பட்டது. அடுத்த கிழமை, சுகாதாரப் பரிசோதகரின் உதவியோடு எமது ஒழுங்கையிலுள்ள கிணறுகளின் நீரைப் போத்தல்களில் நிரப்பிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வரிசையாக வைத்திருந்த போத்தல்கள் யாவும் ஒரேயளவு தெளிவாயிருந்தன. எது எவருடையது என்பதை ஒட்டியிருந்த துண்டுகளைக் கொண்டே அறிய முடிந்தது.

முடிவுகள் வந்தபோது சில கிணறுகள் எல்லைக்குள் இருந்தன, சில மிஞ்சியிருந்தன. மிஞ்சியவற்றுள் எமது கிணறும் ஒன்று. இளந்தாயின் கிணறும் மிஞ்சியதுதான். புட்டிப்பாலுக்கு வேண்டிய நீரை இப்போது அவர், எல்லைக்குள் இருந்த ஓர் அயல்வீட்டுக் கிணற்றில் அள்ளுகிறார். அந்த வீட்டார் படலையைப் பூட்டுவதில்லை. எமது குழியை இடம் மாற்றும் வேலையை நாம் தொடங்கியிருக்கிறோம்.

நாம் மூன்று இரவுகள் கண்விழித்து வரைந்த கிணறு இன்னமும் கணினியில் இருக்கிறது. அதனை அழிக்கவில்லை. இடையிடையே திறந்து பார்க்கிறோம். அலைகள் அழகாகத்தான் இருக்கின்றன. எமது தலையின் கறுப்புக்குள் கிணற்றின் அடியும் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தெளிவைக் கண்டு முன்போல் இப்போது மயங்குவதில்லை.